சிலந்திகளை வகைப்படுத்திய ஆர். ஐ. பொக்கொக் (1863 – 1947)

மண்ணில் வளை தோண்டி, அதன் வாயிலுக்குப் பட்டு நூலாலும் மண்ணாலும் மூடி அமைத்து, உள்ளே பதுங்கியிருக்கும் சிலந்திகள் உள்ளன. இரை அருகே வந்ததும் மூடியைத் தள்ளிக்கொண்டு பாய்ந்து பிடிக்கும். இவை பொறிக்கதவுச் சிலந்திகள் எனப்படும். ஒரே விதமாகக் கதவு அமைப்பதால் இவையெல்லாம் நெருங்கிய உறவினங்களா? இவ்வினாவுக்கு விடைகாண வழிகாட்டியவர்களுள் முக்கியமானவர் ரெஜினல்ட் இன்னஸ் பொக்கொக் ஆவார்.

இளமையும் கல்வியும்

இவர் 1863 மார்ச் 4 ஆந் திகதி இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரிலுள்ள கிளிப்டனில் பிறந்தார். தந்தையார் ஒரு மதகுரு. பாடசாலைப் பருவத்திலேயே இயற்கையில் நாட்டங்கொண்ட இவர், பிரிஸ்டல் பல்கலைக்கழகக் கல்லூரியில் உயிரியலும் புவிச்சரிதவியலும் கற்றார். 1885 இல் இலண்டன் இயற்கை வரலாற்று நூதனசாலையில் உதவியாளராகச் சேர்ந்தார். பின்னர் சிலந்தி, தேள், மட்டத்தேள், மரவட்டை ஆகியவற்றின் சேகரிப்புகள் இவரது பொறுப்பில் விடப்பட்டன. அங்கு பணியாற்றிய காலத்தில் ஏறத்தாழ 200 ஆய்வுக் கட்டுரைகளை எழுதினார்.

1892 இன் பாகுபாடு

அக்காலத்தில் ஏட்டு நுரையீரல்களின் எண்ணிக்கையைக் கொண்டு சிலந்திகளைப் பிரிக்கும் வழக்கம் இருந்தது. பினாங்கிலிருந்து கிடைத்து 1849 இல் விபரிக்கப்பட்ட லிபிஸ்டியஸ் என்னும் பொறிக்கதவுச் சிலந்திக்கு நான்கு ஏட்டு நுரையீரல்கள் உண்டு. ஏனைய பொறிக்கதவுச் சிலந்திகளுக்கும் நான்கே உண்டு.

பொக்கொக் லிபிஸ்டியசின் முழு உடலமைப்பையும் கவனித்தார். அதன் வயிற்றின் மேற்புறத்தில் துண்டங்களைக் காட்டும் தட்டுகள் இருந்தன. நூல் சுரக்கும் உறுப்புகள் வயிற்றின் கீழ்ப்புற நடுவில் அமைந்திருந்தன. மற்றச் சிலந்திகளில் அவை பின்முனையை அண்டியே காணப்படும். எனவே 1892 இல் இவர் சிலந்திகளை இரண்டாகப் பிரித்தார். லிபிஸ்டியஸ் மீசோதீலே எனவும், எஞ்சிய அனைத்தும் ஒப்பிஸ்தோதீலே எனவும் பெயர் பெற்றன. பெரும்பாலான பொறிக்கதவுச் சிலந்திகள் அடங்கும் மைகலோமோர்பே என்ற பெயரும் இவர் இட்டதே.

இதிலிருந்து நாம் அறிவது யாது? நான்கு நுரையீரல்கள் பழைய மூதாதையிடமிருந்து எஞ்சிய இயல்பு. அதனை மட்டும் கொண்டு நெருங்கிய உறவைத் தீர்மானிக்க முடியாது. கதவும் அவ்வாறே.

இலங்கையுடனான தொடர்பு

பிரித்தானிய இந்தியாவின் விலங்குகள் பற்றிய நூல் வரிசையில், இலங்கையையும் உள்ளடக்கிய அரக்னிடா தொகுதியை 1900 இல் வெளியிட்டார். இலங்கையின் பெரிய மரச் சிலந்திகளான பொசிலோதீரியா சப்பஸ்கா (1895), பொசிலோதீரியா ஓர்னாட்டா (1899) ஆகியவற்றுக்கு விஞ்ஞானப் பெயர் சூட்டியவரும் இவரே.

பிற்காலம்

1904 முதல் 1923 வரை இலண்டன் மிருகக்காட்சிச்சாலையின் அத்தியட்சகராகக் கடமையாற்றினார். 1911 இல் றோயல் சங்கத்தின் அங்கத்தவரானார். ஓய்வுபெற்ற பின்னரும் ஊதியமின்றி நூதனசாலையில் முலையூட்டிகளை ஆராய்ந்தார். 1947 ஓகஸ்ட் 9 இல் காலமானார்.

இவர் கண்ட முதற்பிரிவை இன்றைய மரபணு ஆய்வுகளும் உறுதிசெய்கின்றன. 1901 இல் இவர் அமைத்த ஒரு கூட்டத்தின் பெயர், 2018 இல் ஹலோனோப்ரொக்டிடே என்னும் தனிக் குடும்பத்தின் பெயராக மீண்டும் வழக்கிற்கு வந்தது. போத்தல்களில் கிடந்த சிறு உயிர்களைப் பொறுமையுடன் உற்று நோக்கியவரின் உழைப்பு, நூறாண்டு கடந்தும் பயன்தருகிறது.

பயிற்சி

1. லிபிஸ்டியசை வேறாக்கும் இரு இயல்புகளைத் தருக.
2. ஒரே வாழ்க்கை முறை நெருங்கிய உறவுக்குச் சான்றாகுமா? காரணம் தருக.