வானத்தைப் பெருக்கிய அம்மையார்

(கரோலின் ஹெர்ஷல், 1750 – 1848)

நம்ம அறிவியல் மன்றத்துக்கு வானம் பார்க்க ஒரு பைனாகுலர் வாங்கப் போகிறோம் என்று சார் பிரேயரில் சொன்னார் அல்லவா? அன்றிலிருந்து எங்க வகுப்பில் ஒரே சண்டை. ரொம்பப் பெரிசாகக் காட்டுவதுதான் வேணும் என்று பாதிப் பேர் சொல்கிறார்கள். திருவிழாக் கடையில் 100 மடங்கு என்று எழுதித் தொங்க விடுவார்களே, அது மாதிரி. நான் எதிர்க்கட்சி. ஏன் என்று தெரிய இந்த அம்மையாரின் கதையைப் படியுங்கள்.

ஜெர்மனியில் ஹனோவர் என்ற ஊரில் 1750 மார்ச் 16 அன்று கரோலின் பிறந்தார். அப்பா ராணுவத்தில் வாத்தியம் வாசிப்பவர். பத்து வயதில் டைபஸ் காய்ச்சல் வந்து பிழைத்தார், ஆனால் வளர்ச்சி நின்று போச்சு. கடைசி வரை உயரம் நாலே கால் அடிதான். இவளை யார் கட்டுவார்கள், வீட்டு வேலை பார்க்கட்டும், படிப்பு எதுக்கு என்று அம்மா முடிவு கட்டிவிட்டார். அப்பாதான் அம்மாவுக்குத் தெரியாமல் கொஞ்சம் பாடம் சொல்லிக் கொடுத்தார்.

அண்ணன் வில்லியம் இங்கிலாந்தில் பாத் நகரில் பாட்டு வாத்தியார். 1772ல் அவர் வந்து தங்கையைக் கூட்டிப் போனார். வேலைக்காரி வைத்துக்கொள்ள அம்மாவுக்குப் பணம் கொடுத்த பிறகுதான் விட்டார்களாம்! அப்போது கரோலினுக்கு 22 வயது. அங்கே போய் ஆங்கிலம், கணக்கு, பாட்டு எல்லாம் கற்று மேடையில் பாடும் அளவுக்கு வந்தார். ஆனால் வாய்ப்பாடு மட்டும் கடைசி வரை மனப்பாடம் ஆகவில்லை. எழுதிக் கையில் வைத்திருப்பார். (இதைப் படித்ததும் எனக்கு ரொம்ப ஆறுதலாக இருந்தது.)

அண்ணனுக்கோ வானத்தின் மேல் பைத்தியம். தொலைநோக்கிக்கு உலோகக் கண்ணாடி வார்க்க அச்சு வேணும். அதைக் குதிரைச் சாணத்தில் செய்தார்கள். அதை இடித்துச் சலித்தது யார்? நம்ம அம்மையார்தான். ஒரு முறை வில்லியம் 16 மணி நேரம் கையை எடுக்காமல் கண்ணாடி தேய்த்தபோது தங்கை பக்கத்தில் நின்று சோற்றை ஊட்டிவிட்டார். 1781 மார்ச் 13 அன்று வில்லியம் யுரேனஸைக் கண்டுபிடித்தார். ராஜா சம்பளம் போட்டார். 1782ல் வீடு மாறினார்கள். கரோலினின் பாட்டும் அதோடு போச்சு.

அப்போதுதான் அண்ணன் அவருக்கென்று ஒரு சின்னத் தொலைநோக்கி கொடுத்தார். 1783ல் இன்னொன்று. அதன் குவியத் தூரம் 27 அங்குலம்தான். இருபது, இருபத்தைந்து மடங்குக்கு மேல் பெரிதாக்காது. ஆனால் நாலு முழுநிலாவை வரிசையாக வைத்தாலும் அதற்குள் அடங்கும். அதை மெல்ல நகர்த்தி, துடைப்பத்தால் வாசல் பெருக்குகிற மாதிரி வானத்தை ஒரு ஓரத்திலிருந்து பெருக்கிக்கொண்டே வருவார். வீடு பெருக்க வைத்திருந்த பெண் வானத்தைப் பெருக்கினார் பாருங்கள்.

இங்கேதான் நம்ம சண்டைக்கு விஷயம் இருக்கு. வால்நட்சத்திரம் எங்கே இருக்கும் என்று முன்னாலே யாருக்கும் தெரியாது. மங்கலாகப் பஞ்சு மாதிரி இருக்கும். ரொம்பப் பெரிதாக்கினால் வானத்தில் ஒரு பொட்டு இடம்தான் தெரியும். பப்பாளிக் குழல் வழியாகக் கோபுரத்தைப் பார்ப்பது போல. பஞ்சு மாதிரி இருப்பது இன்னும் மங்கிப் போகும்.

வேலை சுலபம் இல்லை. 1783 டிசம்பர் 31 ராத்திரி, தரையெல்லாம் பனி. அண்ணன் அவசரமாகக் கூப்பிட ஓடினவர் இரும்புக் கொக்கி மேல் விழுந்து தொடையில் சதையே பிய்ந்து போனது. ஆனாலும் விடவில்லை. 1786 ஆகஸ்ட் 1, அண்ணன் ஜெர்மனி போயிருந்த சமயம், சின்னக் கருவியில் ஒரு மங்கல் புள்ளி கண்டார். மறுநாள் பார்த்தால் இடம் நகர்ந்திருந்தது. வால்நட்சத்திரமேதான்! ராயல் சொசைட்டிக்குக் கடிதம் எழுதினார். அடுத்த வருஷம் ராஜா ஆண்டுக்கு 50 பவுண்டு சம்பளம் கொடுத்தார். 37 வயதில் அவர் கையில் வந்த முதல் சொந்தச் சம்பளம். இங்கிலாந்தில் அறிவியல் வேலைக்குச் சம்பளம் வாங்கிய முதல் பெண் அவர்தான்.

பிற்பாடு அண்ணன் கொஞ்சம் பெரிய கருவியும் செய்து கொடுத்தார். 1797 வரை மொத்தம் எட்டு வால்நட்சத்திரம். கடைசியை வெறும் கண்ணாலேயே பார்த்து, இருபது மைலுக்கு மேலே குதிரையில் போய்ச் சேதி சொன்னார். 1828ல் லண்டன் வானியல் சங்கம் தங்கப் பதக்கம் தந்தது. 1848 ஜனவரி 9 அன்று ஹனோவரிலேயே 97 வயதில் காலமானார்.

இப்போ நம்ம பைனாகுலர். அதில் 7 × 50 என்று போட்டிருந்தால் 7 மடங்கு பெரிதாக்கும், முன் கண்ணாடியின் அகலம் 50 மில்லிமீட்டர் என்று அர்த்தம். அகலம் கூடினால் வெளிச்சம் கூடும். 10 மடங்குக்கு மேலே போனால் கை நடுக்கமும் பெரிசாகித் தெரியும், ஸ்டாண்டு இல்லாமல் முடியாது. போன வருஷம் திருவிழாவில் மாமா வாங்கிக் கொடுத்த 100 மடங்கில் நிலாவைப் பார்த்தேன். ஓரமெல்லாம் வானவில் கலர், நிலா ஆடிக்கொண்டே இருந்தது. மூணாம் நாள் பிளாஸ்டிக் லென்ஸ் கழன்று விழுந்தது. (எதை வாங்கினாலும் சூரியனை மட்டும் அதில் பார்க்கவே கூடாது, கண் போய்விடும்.)

மன்றத்துப் பணத்தில் ஒன்றுதான் வாங்க முடியும். வெள்ளிக்கிழமை கூட்டத்தில் கை தூக்கச் சொல்வார்கள். 7 × 50, இல்லாவிட்டால் 10 × 50, இரண்டில் எதற்கானாலும் நான் தூக்குவேன். எட்டாம் வகுப்புப் பிள்ளைகளே, நீங்களும் வந்துவிடுங்கள், எங்க பக்கம் மூணு பேர்தான் இருக்கோம்.

– ஒன்பதாம் வகுப்பு மாணவி