யாழ் நூல் தந்த தவமுனிவர்

மனிதர் விரும்புவன பல. அவற்றுள் அடையத் தக்கன சிலவே. அச்சிலவற்றுக்கு ஒரு விலை உண்டு. அது பொன்னாலும் பொருளாலும் கொடுக்கப்படுவதன்று. காலத்தாலும் உழைப்பாலும் கைவிட்ட இன்பங்களாலும் கொடுக்கப்படுவது. தன்னைத் தானே ஆளப் பழகியவனுக்கே அவ்விலையைக் கொடுக்கும் வல்லமை வாய்க்கும். நம் ஈழத்திருநாட்டில் அவ்விலையைக் குறைவறக் கொடுத்துத் தீர்த்த பெரியார் ஒருவரின் வரலாற்றை இம்மலரின் வாயிலாக நினைவுகூர விழைகின்றோம். அவரே அருட்டிரு விபுலாநந்த அடிகளார்.

மட்டக்களப்பின் தென்பால், கண்ணகை அம்மன் கோயில் கொண்டருளும் காரைதீவிலே 1892 ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 27 ஆந் திகதி சாமித்தம்பியார்க்கும் கண்ணம்மையார்க்கும் மகவாகத் தோன்றினார். இளமைப்பெயர் மயில்வாகனம். கல்முனையில் மெதடிஸ்த மிஷன் பாடசாலையிலும், பின்னர் மட்டக்களப்பு அர்ச். மிக்கேல் கல்லூரியிலும் பயின்றார். மிஷன் பாடசாலைகளிற் படித்த நம்மவருட் சிலர் ஆங்கிலத்தைப் பெற்றுத் தமிழை இழந்தனர். வேறு சிலர் தமிழைக் காக்க எண்ணி மேனாட்டு அறிவை வெறுத்தனர். மயில்வாகனனார் இரண்டினையும் இழக்க ஒருப்படவில்லை. ஆசிரியத் தொழில் பார்த்துக்கொண்டே விஞ்ஞானமும் கற்றார். தமிழிலக்கண இலக்கியங்களும் கற்றார். 1916 இல் மதுரைத் தமிழ்ச் சங்கத்துப் பண்டிதர் தேர்விற் சித்தியெய்தினார். 1920 இல் இலண்டன் பல்கலைக்கழகத்து விஞ்ஞானப் பட்டமும் பெற்றார். பகலெல்லாம் பிறர்க்குக் கற்பித்துவிட்டு எஞ்சிய பொழுதில் இவ்விரு துறையும் கற்பதென்றால், அவர் கைவிட்ட ஓய்வும் உறக்கமும் எத்துணையாயிருக்கும் என்பதை மாணவராகிய நாம் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

மானிப்பாய் இந்துக் கல்லூரியின் அதிபர் பதவி அவரை நாடி வந்தது. பட்டமும் பதவியும் ஒருங்கே வாய்த்த இளைஞருக்கு அக்காலத்தில் உலகவாழ்வு எத்தனையோ நலங்களைக் காட்டி நின்றது. அவரோ 1922 இல் அனைத்தையும் விடுத்துச் சென்னை இராமகிருஷ்ண மடத்தைச் சேர்ந்தார். 1924 இல் துறவு பூண்டு விபுலாநந்தர் என்னுந் திருநாமம் பெற்றார். தீயவற்றை விடுதல் ஒருவகை ஒழுக்கம். உயர்ந்த ஒன்றன் பொருட்டு நல்லவற்றையும் விடுதல் அதனினும் அரிய ஒழுக்கம். அடிகளார் மேற்கொண்டது பின்னையதே.

துறவியானபின் அவருக்கு ஓய்வு கிடைத்ததென்று எவரும் கருதவேண்டா. ஈழத்துக்கு மீண்டு இராமகிருஷ்ண மிஷன் பாடசாலைகளின் பொறுப்பைத் தலைமேற்கொண்டார். 1929 இல் மட்டக்களப்புக் கல்லடி உப்போடையிலே சிவானந்த வித்தியாலயத்தை நிறுவினார். 1931 முதல் 1933 வரை அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலே தமிழ்ப் பேராசிரியராய் விளங்கினார். பின்பு இமயமலைச் சாரலிலுள்ள மாயாவதி ஆசிரமத்தில் இருந்து, 1939 முதல் 1941 வரை ‘பிரபுத்த பாரத’ என்னும் ஆங்கில இதழின் ஆசிரியராய்ப் பணிபுரிந்தார். 1943 இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியரானார்.

இத்தனை பணிகளுக்கு இடையே அவர் உள்ளத்தில் ஓர் இலட்சியம் குடிகொண்டிருந்தது. பண்டைத் தமிழர் மீட்டிய யாழ் வழக்கொழிந்து பன்னூறாண்டுகள் ஆயின. அதனைக் கண்டாரும் இலர், அதன் இசையைக் கேட்டாரும் இலர். எஞ்சியிருந்தவை சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையும் அதன் உரைகளும், சங்க நூல்களிற் சிதறிக்கிடந்த குறிப்புகளுமே. கண்ணகை வழிபாடு செழித்த ஊரிற் பிறந்தவர் கண்ணகியின் காப்பியத்தைத் திறவுகோலாகக் கொண்டது பொருத்தமே.

ஆனால் தமிழ்ப்புலமை மாத்திரம் அப்பூட்டைத் திறக்கப் போதாது. குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்னும் ஏழிசையும் நரம்பின் நீளத்தோடு தொடர்புடையன. ஒரு நரம்பை ஒத்த தன்மையும் இறுக்கமும் உடையதாய், நீளம் மட்டும் மூன்றில் இரு பங்காக உள்ள நரம்பு, முன்னையதற்கு இளியாய் ஒலிக்கும். இவ்வாறே ஒவ்வோர் இசைக்கும் கணக்கு உண்டு. இலக்கண நூல்கள் அலகு என்று கூறியவற்றை அடிகளார் பௌதிக நூலறிவு கொண்டு அளந்து, கணிதத்தால் நிறுவினார். இளமையிற் கற்ற விஞ்ஞானமும் தமிழும் இங்கேதான் ஒன்றுகூடின. வில்யாழ், பேரியாழ், மகரயாழ், சகோடயாழ் முதலியவற்றின் அமைப்பும், பண்களின் பிறப்பும், தேவார இசையும் ஒரே நூலில் ஆராயப்பட்டன. ஏறத்தாழப் பதினான்கு ஆண்டு உழைப்பின் பயன் அது.

அவ்வுழைப்புக்கு அவர் கொடுத்த விலை சிறிதன்று. உடல் தளர்ந்தது, நோய் பற்றியது. 1947 ஆம் ஆண்டு சூன் மாதம் 5 ஆம், 6 ஆம் நாள்களில், கரந்தைத் தமிழ்ச் சங்கத்தின் ஆதரவிலே, சோழநாட்டுத் திருக்கொள்ளம்பூதூர்த் திருக்கோயிலில் ‘யாழ் நூல்’ அரங்கேறியது. புலவர் கூடிப் போற்றினர். நலங்குன்றிய உடலோடு அடிகளார் அதனைக் கண்டு மகிழ்ந்தார். ஆறு வாரங்கள் சென்றன. சூலை 19 ஆந் திகதி கொழும்பில் இறைவனடி சேர்ந்தார். அப்பொழுது அவருக்கு வயது ஐம்பத்தைந்து. தாம் நிறுவிய சிவானந்த வித்தியாலய வளவிலேயே அவருடைய சமாதி அமைந்தது.

பதினான்கு ஆண்டு உழைத்தவர் பயனைக் கண்டிருந்தது ஆறு வாரம் மாத்திரமே. இது நட்டமா என்று உலகியல் கணக்கர் வினவலாம். மரத்தை நடுபவன் நிழலிற் படுத்துறங்கும் நாளை எண்ணி நடுவதில்லை. ஆயினும் விலை பெரிதென்பதை இளைஞரிடம் நாம் மறைத்தலும் ஆகாது. எளிதிற் கிடைக்கும் என்று நம்பித் தொடங்குவோர் முதல் இடறலிலேயே திரும்பி விடுவர். அரிதென்று அறிந்து தொடங்குவோரே முடிவு காண்பர்.

பரீட்சை முடிந்தவுடன் நூலைக் கட்டி வைக்கும் வழக்கம் நம்மிடையே உண்டு. அடிகளாருக்கோ ஒவ்வொரு பரீட்சையும் அடுத்த கல்விக்கு வாயிலாயிற்று. நாமெல்லாரும் துறவு பூணல் இயலாது, அது வேண்டியதுமன்று. தகுந்த இலக்கு ஒன்றைத் தேர்ந்து, நாடோறும் ஒரு நாழிகையேனும் அதற்கென ஒதுக்கி, அந்நாழிகையை வேறெதற்கும் கொடாதிருத்தல் நம்மனைவர்க்கும் இயல்வதே. இளைஞர் அவ்விரதத்தை மேற்கொள்ளுக. முதியோர் அதற்கு வேண்டிய அமைதியையும் ஆதரவையும் நல்குக. அடிகளார்க்கு நாம் எடுக்கும் விழாக்களுள் அதுவே தலையாயது. எல்லாம் வல்ல இறைவன் திருவருள் துணை நிற்பதாக.