கோப்பித் தோட்டத்து நீற்னர்

தம்புள்ளையிலிருந்து மாத்தளைக்குச் செல்லும் பெருவீதி நம்மவர் யாவரும் அறிந்ததே. பத்தொன்பதாம் நூற்றாண்டிலே, மன்னார்க் கரையில் வந்திறங்கிய தென்னிந்தியத் தமிழ்த் தொழிலாளர் காடுகளையும் வறண்ட வெளிகளையும் கடந்து, தம்புள்ளை வழியாக மலைநாட்டுக்குக் கால்நடையாகவே சென்றனர். பசியாலும் நோயாலும் வழியிலே மாண்டோர் பலர். எஞ்சியோர் மலைச்சாரல்களில் வளர்த்த பயிர் கோப்பி. அக்கோப்பியை வருத்திய சிற்றுயிர்களை ஒருங்கே ஆராய்ந்து நூல் செய்தவர் யோன் நீற்னர் என்னும் ஜெர்மானியர்.

நீற்னர் 1828ஆம் ஆண்டிலே, பேர்லின் மாநகருக்கு அண்மையிலுள்ள பொற்ஸ்டாமிற் பிறந்தார். அரண்மனைத் தோட்டங்களைப் பேணுவதைத் தலைமுறைத் தொழிலாகக் கொண்டது அவர் குடும்பம். 1850ஆம் ஆண்டுகளில் இலங்கையை அடைந்து, இறம்பொடைப் பகுதியிலே கோப்பித் தோட்ட வாழ்வை மேற்கொண்டார். தோட்டக்காரருக்குரிய கண்ணும் ஆராய்ச்சியாளருக்குரிய பொறுமையும் அவரிடத்து ஒருங்கே அமைந்திருந்தன. வண்டினங்களைப் பற்றிய அவருடைய கட்டுரைகள் கல்கத்தாவிலிருந்த வங்காள ஆசியக் கழகத்தின் இதழில் வெளிவந்தன. அவர் சேகரித்தனுப்பிய தும்பிகள் முதலியவற்றைக் கொண்டே ஹேகன் என்னும் ஜெர்மானிய அறிஞர் 1858இலும் 1859இலும் இலங்கையின் அவ்வகை உயிர்களைப் பற்றி எழுதினார். இறம்பொடை என்னும் சிற்றூரின் பெயர் ஐரோப்பிய விஞ்ஞான நூல்களில் ஏறியது இவ்வாறே.

நீற்னரின் புகழுக்கு நிலைக்களமாயமைந்தது, கோப்பிச் செடியின் பகைகளைப் பற்றி 1861இற் கொழும்பில் அவர் வெளியிட்ட சிறுநூலாகும். அன்று தோட்டத்துரைமார் பலர், செடி வாடினால் மண்ணையோ மழையையோ நொந்துகொள்வர். நீற்னரோ இலைகளையும் கொம்பர்களையும் நுணுகி நோக்கி, எவ்வுயிர் எப்பகுதியைத் தாக்குகின்றது, எக்காலத்திற் பெருகுகின்றது என வகுத்தெழுதினார். இன்று வெப்ப நாடுகள் பலவற்றிலும் காணப்படும் கறுப்புச் செதிற் பூச்சிக்கு விஞ்ஞான முறைப்படி முதலிற் பெயரிட்டவர் அவரே. கோப்பியிலையிலே கண்ட, ஊசிமுனையளவான ஒரு செந்நிறச் சிற்றுண்ணியையும் அந்நூலில் விவரித்து, கோப்பியின் பெயராலேயே அதற்குப் பெயர் சூட்டினார்.

சிவப்புச் சிலந்தி என வழங்கப்படினும், அது சிலந்தியன்று. சிலந்தியைப்போல எட்டுக் கால்களுடைய உண்ணி இனத்தது. அரை மில்லிமீற்றருக்குங் குறைந்த அவ்வுயிர், முதிர்ந்த இலையின் மேற்புறத்தே தங்கிச் சாற்றை உறிஞ்சும். பசிய இலை செம்பு நிறமடைந்து உதிரும். வறட்சியிற் பெருகும், பெருமழையில் அடிபட்டுக் குறையும்.

நீற்னர் 1874ஆம் ஆண்டிற் காலமானார். அதற்கு ஐந்தாண்டுகளுக்கு முன்னரே, 1869இல், இலைத்துரு நோய் இலங்கைக் கோப்பியிற் காணப்பட்டிருந்தது. அவர் மறைந்த சில ஆண்டுகளுள் கோப்பித் தொழில் வீழ்ந்து, அவ்விடத்தைத் தேயிலை கைக்கொண்டது. கோப்பி அழிந்தபின் கோப்பியின் பகைகளைப் பற்றிய நூலாற் பயன் யாது என எவரும் வினவியிருக்கலாம்.

ஆயினும், நூலுக்குப் பயனுண்டாயிற்று. அசாமியத் தேயிலையை நலிவித்த ஒரு சிற்றுண்ணியை 1884இல் வூட்-மேசன் என்பவர் ஆராய்ந்து, வேறொரு பெயரிட்டார். பின்வந்தோர் இரண்டையும் ஒப்புநோக்கி, அதுவும் நீற்னர் கோப்பியிற் கண்டதும் ஓரினமே என்று தெளிந்தனர். முந்திய பெயரே நிலைபெறும் என்னும் விதிப்படி, தேயிலையின் பெரும் பகையாகிய அவ்வுயிர் இன்றும் கோப்பியின் பெயரையே தாங்குகின்றது. முதலில் வைக்கப்பட்ட சாதியிலிருந்து அது வேறு சாதிக்கு மாற்றப்பட்டமையால், நீற்னரின் பெயர் அதன் விஞ்ஞானப் பெயருக்குப் பின்னே அடைப்புக்குறிக்குள் எழுதப்படுகின்றது.

இத்தகைய தெளிவைத் தருவனவே உலக அட்டவணைகள். பிறிச்சட், பேக்கர் என்னும் இருவர் 1955இல் இக்குடும்பம் முழுவதையும் திருத்தி வகுத்தனர். 1998இல் போலண்ட், குற்றியரெஸ், பிளெக்ற்மன் என்னும் மூவர், சுமார் 1200 இனங்களை அவை வாழுஞ் செடிகளோடு நிரைப்படுத்தி உலக அட்டவணையொன்றை வெளியிட்டனர். கோப்பியிற் கண்ட இவ்வினத்தின் நிரையிலே தேயிலை, பருத்தி, இறப்பர், மா முதலியனவும் இடம்பெறுகின்றன. ஒரு பயிர் அழிந்தாலும் அதன் பகை வேறு பயிரைப் பற்றி வாழும் என்பதை உழவனுக்கு உணர்த்துவது அந்நிரையே.

தம்புள்ளை வட்டாரத்து மாணவனொருவன் மாவிலையிலே சிவந்த உண்ணியொன்றைக் காண்பானாயின், அது நீற்னரின் இனமோ, 1940இற் பஞ்சாபிலிருந்து விவரிக்கப்பட்ட மாவுண்ணியோ என்பதைச் செடியை மட்டுங் கொண்டு துணிதல் இயலாது. ஆணுண்ணியின் நுண்ணுறுப்பை நுணுக்குக்காட்டியிற் பார்த்தல் வேண்டும். பார்த்தபின் நாளையும் ஊரையும் செடியையும் எழுதி வைத்தல் வேண்டும். நீற்னர் செய்ததும் இதுவே.

அவர் காலத்திலே தம்புள்ளை வீதியில் நடந்து சென்றோருட் பெரும்பாலோரின் பெயர்கள் எவ்வேட்டிலும் இல்லை. அவர்கள் வளர்த்த செடியை அரித்த சிற்றுண்ணிக்கோ பெயரும் ஆண்டும் இடமும் உள. அவ்வழி வந்தோரின் பேரர்கள் பலர் நம் கல்லூரிகளிற் பயின்றவர்கள். உண்ணிக்கு ஒருவர் செய்ததை, நம் முன்னோர்க்கு நாம் இன்னும் முற்றச் செய்தோமில்லை. பழைய மாணவர்களும் இன்றைய மாணவர்களும் நீற்னரின் வாழ்விலிருந்து கொள்ளத்தக்க கடமை இதுவாகும்.