நோயாளியைப் பேசவிட்ட ஹகீம்

ஹிஜ்ரி மூன்றாம் நூற்றாண்டின் கடைசிப் பகுதி. இன்றைய தெஹ்ரானுக்குத் தெற்கே அடுத்தாற்போல் இருக்கும் ரை நகரத்தில் ஒரு மஜ்லிஸ் கூடியிருக்கிறது. நடுவே தலை பெருத்த ஷைகு ஒருவர். அவருக்கு முன்னால் அவருடைய மாணாக்கர்கள், அவர்களுக்கு முன்னால் அம்மாணாக்கர்களின் மாணாக்கர்கள், அதற்கும் அப்பால் புதிதாகப் படிக்க வந்தவர்கள் என்று வரிசை வரிசையாக அமர்ந்திருக்கிறார்கள். நோயாளி ஒருவர் உள்ளே வருகிறார். தம் குறையை முதல் வரிசையில் இருப்பவர்களிடம் சொல்கிறார். அவர்களுக்கு விளங்கினால் சரி. விளங்காவிட்டால் அடுத்த வரிசை. அவர்களுக்கும் விளங்காவிட்டால் கடைசியில் ஷைகு வாய் திறப்பார். அதற்குள் நோயாளி தம் கதையை இரண்டு மூன்று தடவையாவது முழுமையாகச் சொல்லி முடித்திருப்பார். ஷைகும் அத்தனையையும் கேட்டுக்கொண்டே இருந்திருப்பார். இந்தக் காட்சியை ரை நகரத்து முதியவர் ஒருவர் சொன்னதாக இப்னுன் நதீம் தம் நூலில் பதிந்து வைத்திருக்கிறார்.

அந்த ஷைகுதான் அபூபக்ர் முஹம்மது இப்னு ஸகரிய்யா அர்ராஸீ. ஐரோப்பியர் பல நூற்றாண்டுகள் ரேஸஸ் என்று பெயரிட்டுப் படித்த மருத்துவ மேதை அவரே. அல்பீரூனியின் கணக்குப்படி ஹிஜ்ரி 251 ஷஃபான் பிறை ஒன்றில் (கி.பி. 865) பிறந்தார். மருத்துவத்திற்கு அவர் வந்தது வயது முதிர்ந்த பிறகுதான் என்று வரலாற்றாசிரியர்கள் சொல்கிறார்கள். ரை நகரத்து மருத்துவமனைக்கும் பிறகு பக்தாத் மருத்துவமனைக்கும் தலைமை வகித்தார். பக்தாதில் ஊரெங்கும் இறைச்சித் துண்டுகளைத் தொங்கவிட்டு, எது தாமதித்துக் கெட்டதோ அந்த இடத்தில் மருத்துவமனை கட்டச் சொன்னார் என்ற கதையை நம்மில் பலர் கேட்டிருப்போம். அந்தக் கதையோடு இணைத்துச் சொல்லப்படும் அளுதீ மருத்துவமனை திறக்கப்பட்டது கி.பி. 982ல். ராஸீ மறைந்து அரை நூற்றாண்டு கடந்த பிறகு! ஆகவே அதை விட்டுவிடுவோம். அவர் பெருமைக்கு அந்தக் கதை தேவையும் இல்லை.

மார்க்க விஷயங்களில் அவர் சொன்னதாகக் கூறப்படும் சில கருத்துக்களை உலமாக்கள் வன்மையாக மறுத்திருக்கிறார்கள். அவருடைய நூல்களைத் தேடித் தேடிப் பட்டியல் எழுதிய அல்பீரூனியே அவற்றை ஏற்கவில்லை. நாம் இங்கே பேச வந்தது அவருடைய மருத்துவத்தைப் பற்றி மட்டுமே.

எவர் எப்போது பார்க்கப் போனாலும் ராஸீ எழுதிக்கொண்டே இருப்பாராம். எழுதியதில் பெரும்பகுதி நோயாளிகளைப் பற்றிய குறிப்புகள். யார், என்ன வயது, என்ன சொன்னார், என்ன கொடுத்தோம், என்ன ஆயிற்று என்ற விவரங்கள். அவர் பார்த்த நோயாளிகளில் ஏறக்குறைய 900 பேரின் விவரம் அவருடைய மாணாக்கர் தொகுத்த ஒரு நூலில் மட்டுமே இருக்கிறது. இவற்றுள் அப்துல்லாஹ் இப்னு ஸவாதா என்பவரைப் பற்றிய குறிப்பை நம் வீடுகளில் ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

இப்னு ஸவாதாவுக்குக் காய்ச்சல் விட்டு விட்டு வந்தது. சில வேளை ஆறு நாளைக்கு ஒரு முறை, சில வேளை நான்காம் நாள், சில வேளை ஒன்றுவிட்டு ஒரு நாள், சில வேளை தினமும். வருவதற்கு முன் லேசாகக் குளிர் நடுக்கம் காணும். அடிக்கடி சிறுநீர் போகும். ராஸீ யோசித்தார். ஒன்று, இது நான்காம் முறைக்காய்ச்சலாக மாறும்; அல்லது சிறுநீரகத்தில் ஒரு கட்டி சீழ் பிடித்திருக்கிறது. இரண்டில் எது என்று உறுதியாகச் சொல்லவில்லை. சில நாளிலேயே நோயாளிக்குச் சிறுநீரோடு சீழ் வந்தது. இனி அந்தக் காய்ச்சல் திரும்பாது என்றார் ராஸீ, அப்படியே ஆயிற்று. சிறுநீரைப் பெருக்கும் மருந்தும், சீழ் நின்ற பின் புண்ணை ஆற்றும் மருந்தும் கொடுத்தார். இரண்டு மாதத்தில் நோயாளி நலம் பெற்றார். அதே நோயாளி போய்ப் பார்த்த மற்ற வைத்தியர்களுக்கோ சீழ் வந்த பிறகும் நோய் இன்னதென்று விளங்கவில்லை.

வேறொருவராயிருந்தால் இங்கே முற்றுப்புள்ளி வைத்துத் தம் கீர்த்தியை எழுதியிருப்பார். ராஸீயோ, தாம் ஏன் முதல் நாளிலேயே உறுதியாகச் சொல்ல முடியாமல் போயிற்று என்று கணக்குப் பார்க்கிறார். அந்த மனிதருக்கு முன்பே முறைக்காய்ச்சல் இருந்தது; அதனால் தம் கருத்து அந்தப் பக்கம் சாய்ந்தது. எழுந்து நிற்கும்போது இடுப்பில் ஏதோ பாரம் தொங்குவதுபோல் இருக்கிறதென்று நோயாளி சொல்லவில்லை. சொல்லாவிட்டால் என்ன? கேட்டிருக்க வேண்டியவர் தாம் அல்லவா? அதைக் கேட்க மறந்ததைத் தம் கையாலேயே எழுதி வைக்கிறார். சீழ் வந்த பிறகு கேட்டால், ஆம், அப்படி இருந்தது என்று நோயாளி சொல்கிறார்! அவருடைய தந்தைக்கும் நீர்ப்பை பலவீனம் இருந்தது, நலமாயிருந்த நாளிலேயே இவருக்கும் அந்தத் தொல்லை உண்டு என்பதும் அப்போது தமக்குத் தெரிந்திருக்கவில்லை என்கிறார்.

ஒரே ஒரு கேள்வி. கேட்க ஒரு நிமிடம்கூட ஆகாது. ஊரே கொண்டாடிய மருத்துவர் அதை விட்டுவிட்டதற்காக வருந்தி எழுதுகிறார். நாமோ டோக்கன் வாங்கிக்கொண்டு இரண்டு மணி நேரம் காத்திருக்கிறோம். உள்ளே போனதும் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, டாக்டர் சீட்டு எழுதத் தொடங்கிய பிறகு, சொல்ல நினைத்ததில் பாதியை விழுங்கிக்கொண்டு வெளியே வருகிறோம். நம் வீட்டுப் பெண்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். வெட்கத்தினால் முக்கியமானதையே சொல்லாமல் வந்துவிடுவார்கள்.

இது நம் நாட்டுக் குறை மட்டுமல்ல. அமெரிக்காவில் 1984ல் வெளிவந்த ஓர் ஆய்வில், 74 சந்திப்புகளை ஒலிப்பதிவு செய்து கேட்டிருக்கிறார்கள். நோயாளி பேசத் தொடங்கி சராசரி 18 வினாடியில் மருத்துவர் குறுக்கிட்டு விட்டாராம். 2017ல் 67 நாடுகளின் கணக்கைத் திரட்டிப் பார்த்தார்கள். உலக மக்களில் சுமார் பாதிப்பேர் வாழும் 18 நாடுகளில், பொது மருத்துவர் ஒரு நோயாளியோடு செலவிட்டது சராசரி ஐந்து நிமிடமோ அதற்கும் குறைவோதான். சுவீடனில் 22 நிமிடத்துக்கு மேல். பங்களாதேஷில் 48 வினாடி. வாசலில் நூறு பேர் நிற்கும்போது டாக்டர் என்ன செய்வார் என்று கேட்கலாம், நியாயமான கேள்விதான். ஆனால் ராஸீயின் வாசலிலும் கூட்டம் இருந்தது. அதற்காகத்தான் அந்த வரிசைகளை ஏற்படுத்தியிருந்தார். எளிய நோய் முன்வரிசையிலேயே தீர்ந்துவிடும். சிக்கலானவருக்கு ஷைகின் நேரம் மிஞ்சும்.

கேட்டுக் கேட்டுப் பழகியதால்தான் பெரியம்மையையும் தட்டம்மையையும் அவரால் தெளிவாகப் பிரித்து எழுத முடிந்தது. கொப்புளம் கிளம்புவதற்கு முன்பே, முதுகுவலி அதிகமிருந்தால் பெரியம்மை என்றும், குமட்டலும் மனக்கலக்கமும் மிகுந்திருந்தால் தட்டம்மை என்றும் ஊகிக்க வழி காட்டினார். முதுகுவலி கண்ணால் பார்த்துத் தெரிவதல்ல. நோயாளி சொல்லித்தான் தெரிய வேண்டும்.

ஏழைகளிடம் அவர் காட்டிய பரிவை எல்லா வரலாற்றாசிரியர்களும் குறிப்பிடுகிறார்கள். மருந்து மட்டுமல்ல, உணவுக்கும் பணம் கொடுத்து, தாமே அருகிலிருந்து பார்த்துக்கொள்வாராம். மருத்துவரை நாட வழியில்லாதவர்களுக்கென்றே தனியாக ஒரு நூல் எழுதினார். அடுக்களையிலும் கடைத்தெருவிலும் கிடைக்கும் பொருள்களைக் கொண்டு செய்யும் வைத்தியம் அதில் இருக்கிறது. ஒரு மாணாக்கருக்கு எழுதிய கடிதத்தில், நோயாளியின் இரகசியத்தைக் காக்கும்படியும், செல்வரைப் போலவே ஏழையையும் கவனிக்கும்படியும், குணமாவதைத் தன் திறமையென்று எண்ணிப் பெருமையடிக்காமல் அல்லாஹ்வின் மீதே நம்பிக்கை வைக்கும்படியும் அறிவுறுத்தினார். மிகத் திறமையான மருத்துவராலும் எல்லா நோயையும் தீர்க்க முடியாது என்பதைச் சொல்லவே ஒரு சிறு நூல் எழுதியவர் அவர்.

கடைசிக் காலத்தில் பார்வை போய்விட்டது. கண்ணைச் சீர்செய்ய வந்தவரிடம், உலகத்தைப் பார்த்தது போதுமென்று சொல்லி மறுத்துவிட்டார் என்பார்கள். ஹிஜ்ரி 313 ஷஃபான் பிறை ஐந்தில் (கி.பி. 925) ரை நகரத்திலேயே இறையடி சேர்ந்தார்.

அவர் எழுதிக் குவித்த காகிதங்கள் அவருடைய சகோதரியிடம் இருந்தன. சில ஆண்டுகள் கழித்து, இப்னுல் அமீத் என்ற வஸீர் பெரும் பொருள் கொடுத்து அவற்றை வாங்கி, ராஸீயின் மாணாக்கர்களைக் கூட்டிவைத்து ஒழுங்குபடுத்தச் செய்தார். அல்ஹாவீ என்ற பெருநூல் அப்படித்தான் பிறந்தது. 1279ல் ஃபரஜ் இப்னு ஸாலிம் என்ற யூத அறிஞர் அதை லத்தீனில் பெயர்த்து முடித்தார். 1486ல் இத்தாலியின் பிரேஷியா நகரில் அது அச்சேறியது. இடுப்புப் பாரத்தைப் பற்றி ஒரு ஹகீம் கேட்க மறந்த செய்தியும் அந்தக் காகிதங்களோடு சேர்ந்தே இருந்தது. அதை யாரும் நீக்கிவிடவில்லை.