கல்லறைக் கல்லுக்குப் பெயர் சூட்டியவர்

சயான் கோட்டைக் குன்றில் ஏறினால் காலில் படுவது எரிமலை தந்த பாறை. அதன் வயது 6 கோடி ஆண்டுகளுக்கு மேல். ஆனால் சென்னையை அடுத்த பல்லாவரம் குன்றுகளின் கருங்கல்லோடு ஒப்பிட்டால் இது நேற்றுப் பிறந்த குழந்தை. பல்லாவரம் கல்லுக்கு வயது சுமார் 250 கோடி ஆண்டு!

அந்தக் கல்லை உலகறியச் செய்தவர் சர் தாமஸ் ஹென்றி ஹாலந்து. 1868-ல் இங்கிலாந்தில், சுரங்கங்களுக்குப் பேர்போன கார்ன்வால் பகுதியில் பிறந்தவர். 1890-ல் இந்திய நிலவியல் ஆய்வுத் துறையில் வேலைக்குச் சேர்ந்தார்.

கல்கத்தா செயின்ட் ஜான்ஸ் மாதா கோவில் வளாகத்தில், கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கின் சமாதி இருக்கிறது. அதில் பதித்த கல், வண்டல் பூமியான வங்காளத்தில் கிடைப்பதல்ல. ஹாலந்து அதை ஆராய்ந்து, பல்லாவரம், பரங்கிமலைப் பக்கத்துக் கல் என்று கண்டார். அதில் ஹைப்பர்ஸ்தீன் என்ற தாது இருந்தது. சமாதிக்கு உரியவரின் நினைவாக, 1893-ல் அந்தக் கல்லுக்குச் சார்னோகைட் என்று பெயரிட்டார். பல்லாவரத்தின் பெயரையே வைத்திருக்கலாம், அது நடக்கவில்லை.

1900-ல் தென்னாட்டுச் சார்னோகைட் பாறைகள் பற்றி விரிவான நூல் வெளியிட்டார். அவை நெருப்புக் குழம்பு ஆறி இறுகியவை என்பது அவர் முடிவு. சர்ச்சை அங்கேதான் தொடங்கியது. பாறைக் குழம்பு வெறுமனே ஆறியதா, அல்லது பழைய பாறை மறுபடி வெந்து உருமாறியதா?

நிலப்பகுதிகள் ஒன்றோடொன்று மோதும்போது மேலே மலை எழும்புகிறது. கீழே பாறைகள் 25, 30 கிலோமீட்டர் ஆழத்துக்கு அமிழ்கின்றன. அங்கே வெப்பம் 800 டிகிரியைத் தொடும். பாறை முழுதும் உருகிவிடுவதில்லை. பழைய தாதுக்களில் அடங்கிய நீர் வெளியேறி, அவை ஹைப்பர்ஸ்தீனாக மாறுகின்றன. மேலிருந்த மலை தேய்ந்து போன பிறகு, அடியில் வெந்த கல் வெளியே தலைகாட்டுகிறது. பல்லாவரத்தில் நாம் பார்ப்பது மலையின் உச்சியை அல்ல, வேரை.

கர்நாடகத்தில் கப்பாள்துர்கத்தில், சாம்பல் நிறப் பாறை திட்டுத்திட்டாகச் சார்னோகைட்டாக மாறியிருப்பதை 1960-ல் எடுத்துக் காட்டினார் அறிஞர் சி. எஸ். பிச்சமுத்து. பாதி மாறியும் பாதி மாறாமலும் ஒரே பாறையில் கண்ணெதிரே கிடந்தது சாட்சி. அதற்காக ஹாலந்து சொன்னது முழுதும் தவறு என்று தள்ளிவிட முடியாது. பல இடங்களில் குழம்பாகப் பிறந்த பாறையே பின்னர் ஆழத்தில் வெந்து உருமாறியிருக்கிறது.

ஒரு முறை வெந்ததோடு கதை முடிந்ததா என்றால் இல்லை. இந்தியா, இலங்கை, மடகாஸ்கர், ஆப்பிரிக்கா, அண்டார்டிகா எல்லாம் ஒன்றாய்ச் சேர்ந்தபோது, சுமார் 55 கோடி ஆண்டுகளுக்கு முன், பாலக்காட்டுக் கணவாய்க்குத் தெற்கே கொடைக்கானல் மலைப் பாறைகள் போன்றவை மீண்டும் அந்த உலையில் அகப்பட்டன. பழைய பாறையின் மேலேயே புதிய வெப்பத்தின் முத்திரை விழுந்தது.

ஹாலந்து 1903-ல் ஆய்வுத் துறையின் தலைவரானார். பின்னர் இந்தியத் தொழில் கமிஷனுக்குத் தலைமை தாங்கினார். வைசிராய் நிர்வாகக் குழுவிலும் இருந்து, 1921-ல் விலகினார். 1929 முதல் 1944 வரை எடின்பரோ பல்கலைக்கழகத்தை நிர்வகித்தார். இந்தியா சுதந்திரம் பெறுவதற்கு மூன்று மாதங்களுக்கு முன், 1947 மே மாதம் காலமானார்.

பரங்கிமலைச் சார்னோகைட் பாறை தேசிய நிலவியல் சின்னமாக அறிவிக்கப்பட்டுள்ளது.