பஞ்சாலைத் தொழிலாளி ‘சாண்டோ’ ஆன கதை

நெகிரி செம்பிலான் தோட்டங்களில் வளர்ந்தவர்களுக்குத் திடல் சினிமா மறந்திருக்காது. ரந்தாவ், சிலியாவ், லிங்கி என்று எந்தப் பக்கம் போனாலும் அதே காட்சிதான். வெள்ளைத் துணி கட்டுவார்கள், லயத்துச் சனங்கள் பாயோடு வந்து உட்காருவார்கள். எம்.ஜி.ஆர் படம் என்றால் கூட்டம் இரண்டு மடங்கு. அந்தப் படங்களில் பலவற்றில் தயாரிப்பாளர் பெயருக்கு முன்னால் ஒரு சொல் வரும்: சாண்டோ. சாண்டோ எம்.எம்.ஏ. சின்னப்பா தேவர்.

அந்தச் சொல் எங்கிருந்து வந்தது? யூஜின் சாண்டோ என்பவர் 1867ல் ஜெர்மானிய நாட்டில் பிறந்த பலசாலி. உடலைச் செதுக்கி மேடையில் காட்டி உலகப் புகழ் பெற்றவர். 1905ல் இந்தியாவுக்கும் வந்து போனார். அதன் பிறகு நம் ஊர்களில் கட்டுமஸ்தான ஆளுக்கெல்லாம் சாண்டோ என்ற பட்டம் ஒட்டிக்கொண்டது. கையில்லாத பனியனுக்குக்கூட அந்தப் பெயர்தான்.

சின்னப்பா பிறந்தது 1915 ஜூன் 28ல், கோயம்புத்தூர் இராமநாதபுரத்தில். ஏழைக் குடும்பம். ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றது. பங்கஜா மில்லில் மாதம் 9 ரூபாய் சம்பளத்துக்கு வேலைக்குச் சேர்ந்தார். பிறகு ஸ்டேன்ஸ் மோட்டார் கம்பெனியில் வேலை. பால் வியாபாரம், அரிசிக்கடை, சோடா கம்பெனி என்று பல தொழில்களையும் பார்த்தார்.

இத்தனைக்கும் நடுவில் அவர் விடாமல் பிடித்துக்கொண்டது உடற்பயிற்சி. நண்பர்களோடு சேர்ந்து வீரமாருதி தேகப்பயிற்சி சாலை என்று ஒன்றை நடத்தினார். மாருதி என்றால் அனுமன், பயில்வான்களின் தெய்வம். அந்தக் காலத்துப் பயிற்சி சாலைகளில் இன்றைய இயந்திரங்கள் கிடையாது. தண்டால், பஸ்கி, கர்லாக்கட்டை, பளு தூக்குதல், இவைதான்.

இங்கேதான் நம் வீடுகளில் இன்றும் கேட்கும் கேள்வி வருகிறது. வேலை முடிந்து மோட்டார் சைக்கிளில் சிரம்பானுக்குப் போய் ஜிம்மில் இரும்பு தூக்கிவிட்டு வரும் பையனைப் பார்த்து அப்பா கேட்பார். விடியற்காலை பெரட்டுக்கு நின்று, பால்மரம் சீவி, இரண்டு வாளிப் பாலைத் தோளில் சுமந்தவர் அவர். நாளெல்லாம் உழைக்கிற உடம்புக்கு இது எதற்கு? காசு கொடுத்து யாராவது பளு தூக்குவார்களா? கேள்வி நியாயமானதுதான். மில்லில் நின்று களைத்த சின்னப்பாவைப் பார்த்தும் யாருக்கும் இப்படித்தான் கேட்கத் தோன்றியிருக்கும்.

பதில் உடம்பு வேலை செய்யும் முறையில் இருக்கிறது. மரம் சீவும்போது தினமும் ஒரே கை, ஒரே வளைவு, ஏறக்குறைய ஒரே சுமை. உடம்பு அதற்குப் பழகிவிடுகிறது. அதற்குமேல் பலம் ஏறுவதில்லை, தேய்மானம்தான் மிச்சம். பயிற்சியில் அப்படி இல்லை. பழகிய சுமையைவிடக் கொஞ்சம் கூட்ட வேண்டும், பிறகு நல்ல சாப்பாடும் தூக்கமும் கொடுக்க வேண்டும். களைத்த தசை முன்னைவிட வலுவாகத் தேறும். கை, முதுகு, தொடை என்று எல்லாப் பக்கமும் முறை வைத்துப் பழக்கலாம்.

இன்னொன்றும் உண்டு. தோட்டத்தில் சுமையை நிர்ணயிப்பவர் கங்காணி, மில்லில் இயந்திரம். பயிற்சி சாலையில் எவ்வளவு தூக்குவது என்று நாமே முடிவு செய்கிறோம். போன மாதம் தூக்க முடியாததை இந்த மாதம் தூக்கினோம் என்ற கணக்கு நமக்கே சொந்தம். 9 ரூபாய் சம்பளக்காரருக்கும் அந்தக் கணக்கு கிடைத்தது.

அந்த உடம்புதான் சின்னப்பாவுக்குச் சினிமாக் கதவைத் திறந்தது. கோவையில் ஜூபிடர் நிறுவனத்தார் எடுத்த படங்களில் சண்டை வேடங்கள் கிடைத்தன. உடற்பயிற்சியில் ஆர்வம் கொண்ட எம்.ஜி.ஆரோடு அங்கே நட்பு வளர்ந்தது. 1947ல் வந்த ராஜகுமாரி, எம்.ஜி.ஆர் கதாநாயகனாக நடித்த முதல் படம். அதில் அவரோடு மோதும் வேடத்தில் சின்னப்பா நடித்தார்.

ஆனால் புகழ் உடனே வந்துவிடவில்லை. பல ஆண்டுகள் சின்ன வேடங்கள்தான். 1956ல், 41 வயதில், தேவர் பிலிம்ஸ் நிறுவனத்தின் முதல் படமாகத் தாய்க்குப்பின் தாரம் எடுத்தார். எம்.ஜி.ஆர் காளையோடு மோதும் காட்சி அதில்தான். படம் ஓடியது, ஆனால் நண்பர்களுக்குள் மனக்கசப்பு வந்தது. ஐந்து ஆண்டுகள் எம்.ஜி.ஆர் இல்லாமலே படம் எடுத்தார். 1961ல் தாய் சொல்லைத் தட்டாதே படத்தில் மறுபடியும் சேர்ந்தார்கள். தொழிலாளி, விவசாயி, வேட்டைக்காரன், நல்ல நேரம் என்று இருவரும் சேர்ந்து தந்த படங்கள் மொத்தம் 16. 1971ல் ராஜேஷ் கன்னாவை வைத்து ஹாத்தி மேரே சாத்தி எடுத்து இந்தியிலும் பெரும் வெற்றி கண்டார்.

தேவரின் தொழில் ஒழுங்கைத் திரையுலகம் இன்றும் பேசும். சொன்ன தேதியில் படப்பிடிப்பு, சொன்ன தேதியில் வெளியீடு, பேசிய சம்பளம் பாக்கியில்லாமல் கையில். தினம் தவறாமல் பயிற்சி சாலைக்குப் போனவருக்கு நாள் தவறாமை கைவந்திருந்ததில் வியப்பில்லை. முருக பக்தரான அவர் மருதமலைக் கோயிலுக்குச் செய்த திருப்பணிகளையும் கோவை மக்கள் மறக்கவில்லை.

1978 செப்டம்பர் 8ல், 63 வயதில் தேவர் காலமானார். பலமான உடம்பு நீண்ட ஆயுளுக்கு உத்தரவாதம் இல்லை. இருந்தாலும், பெரியவர்கள் வாரத்தில் குறைந்தது 2 நாளாவது தசைக்குப் பயிற்சி தர வேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனம் சொல்கிறது. இனிப்பு நீர் நோய் வீட்டுக்கு வீடு புகுந்துள்ள நம் சமூகத்துக்கு இது முக்கியம். தசை வேலை செய்தால் இரத்தத்தில் உள்ள சர்க்கரையை அது எடுத்துக்கொள்ளும்.

அதனால், பளு தூக்கப் போகும் பையனை வாசலில் மறிக்கும் முன், பெற்றோர் ஒரு நாள் அவனோடு போய்ப் பார்க்கலாம். பையனும் அப்பாவின் கேள்விக்குக் கோபப்படாமல் உட்கார்ந்து பதில் சொல்லலாம். பேச்சைத் தொடங்க வேறு வழி தெரியாவிட்டால் தேவர் கதையிலிருந்து தொடங்கட்டும். அப்பாவுக்கு அந்தப் பெயர் தெரிந்திருக்கும்.