குணமாகாதவர்களின் ஊழியர் அர்ச். கமில்லுஸ்



ஜூலை 14-ந் தேதி திருநாளாகக் கொண்டாடப்படும் அர்ச். கமில்லுஸ் தெ லெல்லிஸ் என்பவரை நம் பங்கில் அறிந்தவர் சிலரே. அந்தோனியாருக்கும் செபஸ்தியாருக்கும் நம் கோவில்களில் சுரூபம் உண்டு, இவருக்குக் கிடையாது. ஆயினும் உங்கள் வீட்டிலோ தெருவிலோ டாக்டர் கைவிரித்த வியாதிக்காரர் ஒருவர் இருப்பாரானால், இவருடைய சரித்திரத்தை நீங்கள் அறிவது நலம்.

இத்தாலியாவில், நேப்பிள்ஸ் இராச்சியத்துப் புக்கியானிக்கோ என்னும் ஊரில் 1550-ம் ஆண்டு மே 25-ந் தேதி பிறந்தார். தகப்பனார் படைவீரர், சூதாடி. மகனும் அவ்வண்ணமே ஆனார். ஆறடிக்கு வெகு மேலான உயரம், முன்கோபம், கையில் காசு தங்காது. வெனிஸ் நாட்டாருக்காகத் துருக்கியரோடு போர் புரிந்தார். காலில் ஒரு புண் கண்டது. அது சாகுமட்டும் ஆறவேயில்லை. அதற்கு வைத்தியம் தேடி, 1571-ல் உரோமாபுரியிலுள்ள சான் ஜாக்கோமோ ஆஸ்பத்திரிக்குப் போனார். அது குணமாகாதவர்களுக்கென்றே ஏற்பட்ட ஆஸ்பத்திரி. அங்கேயே வேலைக்கும் அமர்ந்தார். ஆனால் சூதாட்டமும் சண்டையும் பொறுக்கமாட்டாமல் வெளியே அனுப்பிவிட்டார்கள். 1574-ல் இருந்ததையெல்லாம் சூதில் தோற்று, பிச்சையெடுக்கும் நிலைக்கு வந்தார்.

பின்பு கப்புச்சின் சபையாரின் கட்டட வேலையில் கூலியாளானார். 1575-ம் ஆண்டு பெப்ருவரி 2-ந் தேதி, தேவமாதா சுத்திகர திருநாளன்று, வழிப்பயணத்தில் தம் பாவங்களை நினைத்து மனமுடைந்து அழுதார். அன்று திரும்பியவர் மறுபடி பின்வாங்கவில்லை. அச்சபையில் சேர்ந்தும், புண் திறந்துகொண்டபடியால் இரண்டு தடவை வெளியேற நேரிட்டது. எங்கே போவார்? தம்மைத் துரத்திய அதே ஆஸ்பத்திரிக்குத்தான் போனார். இம்முறை ஊழியராகி, நாளடைவில் மேற்பார்வையாளருமானார்.

அங்கே கண்டது அவருக்குத் தாளவில்லை. கூலிக்கு வேலை செய்தவர்கள் சாகக்கிடந்தவர்களைத் திரும்பியும் பாராமல் விட்டார்கள். சம்பளத்துக்கல்ல, சேசுநாதருக்காகச் சேவை செய்யும் ஒரு கூட்டம் வேண்டுமென்று 1582-ல் அவருக்குத் தோன்றிற்று. அதற்குக் குருப்பட்டம் அவசியமென்று கண்டு, 32 வயதில் சிறுவர்களோடு பெஞ்சியில் உட்கார்ந்து லத்தீன் படித்தார். (குருமடத்தில் லத்தீன் வினைச்சொற்களோடு மல்லாடிய எனக்கு இது பெரிய ஆறுதல்.) 1584-ல் குருவானார். 1586-ல் ஐந்தாம் சிக்ஸ்துஸ் பாப்பரசர் அவருடைய கூட்டத்தை அங்கீகரித்து, அங்கியில் சிவப்புச் சிலுவை அணிய உத்தரவளித்தார். 1591-ல் அது துறவற சபையாயிற்று. உயிருக்கு மோசம் வந்தாலும் வியாதிக்காரரைக் கைவிடுவதில்லை என்பது அவர்களுடைய நான்காம் வார்த்தைப்பாடு.

ஆஸ்பத்திரியோடு நில்லாமல் வீடுகளுக்கும் போனார்கள். மரணப்படுக்கையில் இருப்பவர் அருகே இராமுழுதும் தங்கினார்கள். ஆகையால் ஜனங்கள் அவர்களை நல்ல மரணத்தின் குருக்கள் என்று அழைக்கலாயினர்.

இதை எழுதும்போது என் மனச்சாட்சி குத்துகிறது. முன்பு நான் ஊழியம் செய்த ஓரிடத்தில், டேனரியில் வேலை பார்த்த ஒருவருக்குக் கல்லீரல் கெட்டுவிட்டது. வயிறு நீர்கோத்து உப்பி, கண் மஞ்சளாய், கால் வீங்கிக் கிடந்தார். குடித்துக் கெடுத்துக்கொண்டார் என்று ஊர் பேசிற்று. எனக்கும் சேதி தெரியும். அடுத்த வாரம் பார்க்கலாமென்று இருந்துவிட்டேன். சாமியாரைக் கண்டால் சாவு வந்துவிட்டதென்று நினைத்துக்கொள்வாரே என அவர் மனைவியும் அழைக்கத் தயங்கினாள். நடுச்சாமத்தில் ஆள் வந்து நான் போனபோது, அவர் என்னை அறியவில்லை. பூசுதல் கொடுத்தேன். பாவசங்கீர்த்தனம் கேட்க முடியவில்லை.

பின்னால்தான் டாக்டர் ஒருவர் எனக்கு விளக்கினார். கல்லீரல் கழிக்கவேண்டிய விஷப்பொருள் இரத்தத்தில் தங்கி மூளையைக் கலக்குகிறது. பகலில் உறக்கம், இரவில் விழிப்பு, கைநடுக்கம், குழறல், சில சமயம் வசைமொழி. வீட்டார் இதைப் பேயென்றும் திமிரென்றும் எண்ணுவதுண்டு. மலச்சிக்கல் வராமல் காக்கும் லாக்டுலோஸ் மருந்தால் பலருக்குத் தெளிவு திரும்பும். ஊசியால் வயிற்று நீரை எடுத்தால் மூச்சு இலகுவாகும். டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரையைக் கடையில் கேட்டு வாங்கிக் கொடுப்பது மட்டும் ஆகாது. அது சிறுநீரகத்தைக் கெடுத்து இரத்தக்கசிவையும் உண்டாக்கும். இன்னொன்று: கல்லீரல் நோய் எல்லாம் குடியால் வருவதல்ல. மஞ்சள்காமாலைக் கிருமிகளாலும், கொழுப்பு படிவதாலும் வரும். குடியால் வந்தாலும்தான் என்ன? கமில்லுஸ் எந்த வியாதிக்காரரிடமும் கணக்குக் கேட்கவில்லை. தாமே சூதில் எல்லாம் இழந்தவர்.

குணப்படுத்த முடியாதபோதும் வேதனையைத் தணிக்கும் வைத்தியம் உண்டு. அதற்கென வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரியில் தனிப் பிரிவு இருக்கிறது. 2021-ல் தொடங்கிய அரசாங்கத்தின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்திலும் இச்சேவை வீட்டுக்கே வர ஏற்பாடு உண்டு. மற்ற சிகிச்சையை நிறுத்தினால்தான் இது கிடைக்கும் என்றில்லை.

நிற்க. கமில்லுஸ் தம் சபையாருக்கு ஒரு கட்டளை கொடுத்திருந்தார். உயிர் போகுமுன்பே சிலரைப் புதைத்துவிடுவதைக் கண்டு, மூச்சு நின்றதாகத் தோன்றிய பிறகும் கால்மணி நேரம் ஜெபத்தை நிறுத்தாதிருக்கவும், முகத்தை உடனே மூடாதிருக்கவும் சொன்னார். தமக்குக் காற்புண்ணோடு குடலிறக்கமும் வயிற்று நோயும் சேர்ந்து, எழுந்து நிற்க இயலாத நாட்களிலும், கட்டிலுக்குக் கட்டில் தவழ்ந்தாவது போய் விசாரித்தார். 1607-ல் தலைமைப் பதவியை விட்டார். 1614-ம் ஆண்டு ஜூலை 14-ந் தேதி, 64-ம் வயதில், உரோமாபுரியில் மரித்தார். 1746-ல் அர்ச்சியசிஷ்டவராக அறிவிக்கப்பட்டார். 1886-ல் பதின்மூன்றாம் சிங்கராயர் அவரை வியாதிக்காரருக்கும் ஆஸ்பத்திரிகளுக்கும் பாதுகாவலராக ஏற்படுத்தினார்.

நம் பாட்டிமார் அவஸ்தைபூசுதல் என்றது இப்போது நோயில்பூசுதல் என்று வழங்குகிறது; கடைசி மூச்சுக்கென்று வைத்திருக்கவேண்டியதில்லை. புத்தி தெளிவாயிருக்கும்போதே கேளுங்கள். வீட்டில் படுக்கையாயிருப்பவர்களின் பெயரை இந்த ஞாயிறு பூசைக்குப்பின் உபதேசியாரிடம் கொடுத்துவிடுங்கள். ஷூ கம்பெனி ஷிப்டு முடிந்து வீட்டார் திரும்பும் நேரத்தையும் குறித்துக் கொடுத்தால், அந்நேரத்துக்கே வருகிறேன்.

உங்கள் பங்குக் குரு